எலிசபெத் பிஷப் கவிதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் சில மாதங்களாக அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப்பை வாசித்துவருகிறோம். புதிதாக வந்து உட்காருகிறவர்கள் அநேகமாக ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை, சிலவற்றை வட்டத்திலேயே பலர் ஒப்புக்கொள்வதில்லை.

யார் இந்த பிஷப்? ஃப்ராஸ்ட் தெரியும், சில்வியா பிளாத் தெரியும். இந்தப் பேரைக் கேள்விப்பட்டதே இல்லையே.

1911 பிப்ரவரி 8 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்தவர். எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். 1916இல் அம்மாவை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1934இல் அம்மா இறந்தார். இடையில் மகள் அவரை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கிரேட் வில்லேஜ் என்ற சிற்றூரில் அம்மா வழித் தாத்தா பாட்டியிடம் கொஞ்ச காலம், பிறகு அமெரிக்காவில் உறவினர் வீடு மாற்றி வீடு என்று வளர்ந்தார்.

1951இல் கப்பலேறி பிரேசிலுக்குப் போனார். அங்கே முந்திரிப்பழம் தின்று ஒவ்வாமையால் முகம் வீங்கிப் படுத்துவிட்டார். அவரைக் கவனித்துக்கொண்ட லோட்டா டி மாசெடோ சோரெஸ் என்ற பெண்ணிடம் காதல் கொண்டு, சில நாள் தங்கப் போனவர் ஏறக்குறைய 15 ஆண்டுகள் இருந்துவிட்டார். 1956இல் புலிட்சர் பரிசு. கடைசிக் காலத்தில் ஹார்வர்டில் பாடம் நடத்தினார். 1979இல் பாஸ்டனில் காலமானார்.

வாழ்நாள் முழுக்க நூறு கவிதைதான் வெளியிட்டாராமே? சோம்பேறியா?

ஏறக்குறைய அவ்வளவுதான். முதல் தொகுப்பு 1946, கடைசித் தொகுப்பு 'ஜியாகிரஃபி 3' 1976. நடுவில் பத்து வருஷத்துக்கு ஒரு நூல் என்ற கணக்கு. சோம்பல் என்று அவரே தன்னைத் திட்டிக்கொண்டதுண்டு. குடிப்பழக்கமும் அவரைப் பாடாய்ப் படுத்தியது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் முக்கியமான காரணம் வேறு: சரியான சொல் கிடைக்காத இடத்தை வெற்றிடமாகவே விட்டு, கவிதையைப் பலகையில் குத்தி வைத்துவிட்டுக் காத்திருப்பார். நண்பரும் கவிஞருமான ராபர்ட் லோவெல் இதைப் பார்த்து வியந்து ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். 'தி மூஸ்' (மூஸ் என்பது ஒருவகைப் பெரிய மான்) என்ற கவிதைக்குக் காரணமான பேருந்துப் பயணம் 1946இல் நடந்தது. கவிதை முடிந்து மேடையேறியது 1972இல்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

'மீன்'. 1940இல் வெளிவந்தது, 76 வரி, பத்தி பிரிப்பு கிடையாது, அகராதி அதிகம் தேவைப்படாது. அப்புறம் 'ஆர்மடில்லோ', அதன் பிறகு 'ஒரு கலை'. 'கடற்பறவை', 'வரைபடம்' போன்ற கவிதைகளில் தொடங்கினால் பலர் பாதியில் மூடி வைத்துவிடுகிறார்கள். அவை இரண்டாம் மாதத்துக்கு.

'மீன்' படித்தேன். மீனைப் பிடிக்கிறார், பார்க்கிறார், விட்டுவிடுகிறார். இதில் கவிதை எங்கே இருக்கிறது?

நீங்கள் சொன்ன மூன்றில் நடுவில் இருப்பதில். பிடிப்பதற்குச் சில வரிகள், விடுவதற்கு ஒரே வரி. மிச்சமெல்லாம் பார்ப்பதுதான். முதலில் தோல் தெரிகிறது, பழைய சுவரில் உரிந்து தொங்கும் காகிதம் போல. பிறகு கண் உள்ளே போகிறது: இறகு அடுக்கினாற்போல வெள்ளைச் சதை, பெரிய பூவைப் போல இளஞ்சிவப்பான காற்றுப்பை. உயிருள்ள மீனின் வெளியே நின்றுகொண்டு அதன் வயிற்றுக்குள் இருப்பதைச் சொல்கிறார், கவனித்தீர்களா? மீன் அறுத்துப் பழகிய கையின் கற்பனை அது. பிறகுதான் உதட்டில் ஐந்து பழைய தூண்டில் முட்கள் கண்ணில் படுகின்றன. ஐந்து பேரிடமிருந்து ஏற்கெனவே அறுத்துக்கொண்டு போன மீன் இது.

விமர்சகர்களில் ஒரு சாரார், போராடாமல் பிடிபட்ட கிழ வீரனுக்கு மரியாதை செய்து அனுப்புகிறார் என்று படிப்பார்கள். நாடாவோடு தொங்கும் பதக்கங்கள் என்று அந்தத் தூண்டில் கயிறுகளை அவரே சொல்வதால் அந்த வாசிப்புக்கு இடமுண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வெற்றி என்ற சொல் வரும் இடம். வெற்றி அந்த வாடகைப் படகை நிறைத்தது என்கிறார். யாருடைய வெற்றி என்று சொல்லவில்லை. படகின் அடியில் தேங்கிய அழுக்குத் தண்ணீரில் எண்ணெய் படர்ந்து வானவில் தெரிய, கடைசியில் எல்லாமே வானவில்லாகிவிடுகிறது. வானவில்லுக்குக் காரணம் துருப்பிடித்த எஞ்சினிலிருந்து கசிந்த எண்ணெய்தான்.

வர்ணனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆள் ரொம்பக் குளிர்ச்சி. உணர்ச்சியே இல்லையே?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். பிஷப்பின் உணர்ச்சியை வர்ணனையில் தேடாதீர்கள். அவர் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் இடத்தில் தேடுங்கள்.

'மீன்' கவிதையிலேயே பாருங்கள். கீழுதடு என்று எழுதிவிட்டு, அதை உதடு என்று சொல்ல முடியுமானால், என்று ஒரு இழுப்பு. மீனின் கண் லேசாக அசைந்தது என்கிறார். உடனே, என்னைத் திரும்பிப் பார்ப்பதற்காக இல்லை, ஒரு பொருளை வெளிச்சத்தின் பக்கம் சாய்த்ததுபோல, என்று மாற்றுகிறார். மீன் தன்னைப் பார்த்தது என்று எழுதியிருந்தால் நமக்கு உருகியிருக்கும். அவருக்கு அந்த உருக்கம் பொய்யாகப் பட்டிருக்கிறது. 'கவிதை' என்றே தலைப்பிட்ட பிந்தைய கவிதை ஒன்றில், டாலர் நோட்டளவு ஓவியம் ஒன்று கைக்கு வருகிறது. வரைந்தவர் அவர் பார்த்தே இராத ஒரு பெரிய தாத்தா. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது தன் சிறு வயது ஊர் என்று தெரிகிறது. எங்கள் தரிசனங்கள் ஒன்றாகிவிட்டன என்கிறார். அடுத்த மூச்சிலேயே, தரிசனம் என்பது பெரிய வார்த்தை, பார்வைகள், இரண்டு பார்வைகள் என்று இறங்கி வருகிறார். அந்த இறக்கத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

1946இல் முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதிய ராண்டல் ஜாரல், இவருடைய ஒவ்வொரு கவிதைக்கும் அடியில் 'நான் இதைப் பார்த்திருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறது என்றார். நல்ல வாக்கியம்தான், அதற்குப் பிறகு எல்லாரும் அதைச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். நான் பார்த்தது சரிதானா என்ற கேள்வியும் அந்தக் கையெழுத்தோடு சேர்ந்தே இருக்கிறது என்பது என் கட்சி.

'ஒரு கலை' எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. இழப்பதற்குப் பழகிக்கொள் என்று சொல்லும் தன்னம்பிக்கைக் கவிதைதானே?

கவிதை அப்படித்தான் தொடங்குகிறது, அதுதான் பொறி. இழக்கும் கலையைக் கற்பது கடினமில்லை, தினமும் ஒன்றைத் தொலை என்கிறார். முதலில் சாவி, வீணான ஒரு மணி நேரம். பிறகு இடங்கள், பெயர்கள். அம்மாவின் கைக்கடிகாரம். மூன்று பிரியமான வீடுகளில் கடைசியோ கடைசிக்கு முந்தையதோ. இரண்டு நகரங்கள், இரண்டு ஆறுகள், ஒரு கண்டம். பட்டியல் பெரிதாகப் பெரிதாக, கஷ்டமில்லை என்ற சொல் மட்டும் அதே குரலில் திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டாவது தடவை கேட்கும்போது நம்பலாம். நான்காவது தடவை, இவர் யாரைச் சமாதானம் செய்கிறார் என்று சந்தேகம் வர வேண்டும்.

கடைசிக் கண்ணியில் 'உன்னை' இழப்பது வருகிறது. அங்கே இரண்டு விஷயம் நடக்கிறது. அதுவரை 'கடினமில்லை' என்று இருந்தது 'அவ்வளவொன்றும் கடினமில்லை' என்று நழுவுகிறது. அடுத்து, பேரழிவு என்ற சொல்லை எழுத வேண்டிய கடைசி வரியில் கை நின்றுவிடுகிறது. அடைப்புக்குறிக்குள் தனக்குத் தானே கட்டளை போடுகிறார்: எழுது! 'போல' என்ற சொல் இரண்டு முறை வருகிறது, நடுவில் அந்தக் கட்டளை. முந்தைய பதிலில் சொன்ன திருத்தம் இங்கே எதிர்த் திசையில் போகிறது. மற்ற இடங்களில் பெரிய சொல்லைச் சின்னதாக்குவார். இங்கே பெரிய சொல்லைத் தவிர்க்க வழியில்லாமல் எழுதியே தீர வேண்டியிருக்கிறது.

வாசார் கல்லூரியில் இதன் வரைவுகள் பதினைந்துக்கும் மேல் இருக்கின்றன. முதல் வரைவு கிட்டத்தட்ட உரைநடை, கண்ணாடி, பேனா தொலைந்த குறிப்புகள். இடையில் ஒரு கட்டத்தில், எழுதியதெல்லாம் பொய் என்ற பொருளில் வரிகள் வருகின்றன. அச்சான கவிதையில் அது, நான் பொய் சொன்னதாக ஆகாது, என்று தலைகீழாகிவிட்டது. இதை அறிந்த பிறகு தன்னம்பிக்கைக் கவிதை என்று என்னால் படிக்க முடியவில்லை.

அந்த 'நீ' யார்? லோட்டாதானே?

லோட்டா 1967இல் நியூயார்க்கில் மாத்திரைகளை அதிகம் விழுங்கி இறந்தார். கவிதை எழுதப்பட்டது 1975இன் இறுதியில். அப்போது பிஷப்பை விட்டு விலகிக்கொண்டிருந்தவர் ஆலிஸ் மெத்ஃபெசல் என்ற இளைய தோழி. வரைவுகளில் நீலக் கண்கள் வருகின்றன. அது ஆலிஸைக் காட்டுகிறது என்பது ஆய்வாளர்கள் கருத்து. பிறகு ஆலிஸ் திரும்பி வந்துவிட்டார் என்பது தனிக் கதை.

ஆனால் அச்சில் அந்தக் கண்களை அவர் எடுத்துவிட்டார். கேலி செய்யும் குரல், நான் நேசிக்கும் ஒரு சைகை, இவ்வளவுதான் மிச்சம். அவர் வேண்டுமென்றே அழித்ததை நாம் மறுபடி எழுதி நிரப்புவது விமர்சனம் ஆகாது. அதோடு, 'கண்டம்' என்ற சொல்லில் லோட்டாவும் இருக்கிறார், கைக்கடிகாரத்தில் அம்மா இருக்கிறார். ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் வெளியே போய்விடுவார்கள்.

வில்லனெல், செஸ்டினா எல்லாம் பழைய ஐரோப்பிய வடிவங்கள். நவீன கவிஞருக்கு இது எதற்கு?

'ஒரு கலை' வில்லனெல்: 19 வரி, இரண்டே இயைபுகள், இரண்டு வரிகள் மாறி மாறித் திரும்ப வர வேண்டும். அந்தத் திரும்பல்தான் மேலே சொன்ன சமாதானக் குரலை உண்டாக்குகிறது.

'செஸ்டினா' என்ற கவிதையில் ஆறு சொற்கள் வரி இறுதிகளில் சுற்றிச் சுற்றி வருகின்றன: வீடு, பாட்டி, குழந்தை, அடுப்பு, பஞ்சாங்கம், கண்ணீர். செப்டம்பர் மழை, சமையலறை, பாட்டி பஞ்சாங்கத்திலிருந்து நகைச்சுவை வாசித்துச் சிரித்து அழுகையை மறைக்கிறாள். குழந்தை வீடு வரைகிறது. அம்மா என்ற சொல் 39 வரியிலும் இல்லை. ஆறு சொல்லுக்குள் சுற்றியே ஆக வேண்டும் என்ற விதி இருக்கும்போது ஏழாவது சொல்லுக்கு இடமில்லை. வெளியே விடப்பட்டதை வடிவமே காவல் காக்கிறது.

'காத்திருப்பு அறையில்' கவிதையில் சொன்ன பத்திரிகை இதழில் அந்தப் படங்களே இல்லையாமே? இவரைப் போய்த் துல்லியமானவர் என்கிறீர்கள்.

நியாயமான கேள்வி. ஏழு வயது முடிய மூன்று நாள் இருக்கும் எலிசபெத், வூஸ்டரில் பல் மருத்துவரிடம் போன அத்தைக்காகக் காத்திருக்கிறாள். கையில் நேஷனல் ஜியாகிரஃபிக், 1918 பிப்ரவரி இதழ். அதில் எரிமலைப் படங்களும், கழுத்தில் கம்பி சுற்றிய கறுப்பினப் பெண்களின் படங்களும் இருப்பதாகக் கவிதை சொல்கிறது. உள்ளேயிருந்து அத்தையின் 'ஓ!' கேட்கிறது, அந்தக் குரல் தன் வாயிலிருந்து வந்ததாகக் குழந்தைக்குத் தோன்றி, நீ ஒரு 'நான்', நீ ஒரு எலிசபெத், நீயும் இவர்களில் ஒருத்தி என்று தலை சுற்றுகிறது. ஆய்வாளர்கள் இதழைத் தேடிப் பார்த்தார்கள். எரிமலை இருந்தது, பெண்கள் இல்லை. மார்ச் இதழோடு குழப்பிக்கொண்டேன் என்று பிஷப் சொன்னார். மார்ச் இதழிலும் இல்லை.

கவிதைக்குள் அந்தத் தேதி செய்யும் வேலையைப் பாருங்கள். உலக உருண்டையிலிருந்து விழப்போகிறேன் என்று பயந்த குழந்தை பற்றிக்கொள்ளும் கைப்பிடி அட்டையின் மஞ்சள் ஓரமும் தேதியும். பயம் தணிந்ததும் கவிதை மறுபடி 1918 பிப்ரவரி 5க்கே வந்து நிற்கிறது. அந்த அளவில் எனக்குப் பிரச்சினை இல்லை. உறுத்துவது வேறு. குழந்தைக்குத் திகிலூட்ட அந்தப் பெண்களின் உடல்கள் தேவைப்பட்டிருக்கின்றன. அந்தப் படங்கள் அந்த இதழில் இல்லை என்றால், அவற்றைத் தேர்ந்தெடுத்தது 1918இன் பத்திரிகை இல்லை, ஐம்பது வருஷம் கழித்து எழுதிய கவிஞர். இனப் பார்வை பற்றிக் கேட்கும் விமர்சகர்களுக்கு இந்தத் தவறு வலுவான சாட்சி. நீயும் அவர்களில் ஒருத்தி என்ற வரி அந்தப் பெண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது என்று நான் படிக்கிறேன். அது போதுமா என்றால், எங்கள் வட்டத்தில் இன்னும் சண்டை ஓயவில்லை.

இவ்வளவு துயரம் இருந்தும் லோவெல் மாதிரி, பிளாத் மாதிரி வெளிப்படையாக எழுதாதது பயம்தானே?

பயமும் இருந்திருக்கும். பெண்ணைக் காதலிக்கும் பெண்ணுக்கு 1950களில் பயப்படக் காரணமும் இருந்தது. ஆனால் கொள்கையும் இருந்தது. லோவெல் தன் 'டால்ஃபின்' கவிதைகளில், பிரிந்த மனைவி எலிசபெத் ஹார்ட்விக்கின் கடிதங்களை அனுமதியில்லாமல், சில இடங்களில் மாற்றியும் சேர்த்திருந்தார். கையெழுத்துப் பிரதியைப் பார்த்த பிஷப் 1972இல் எழுதினார்: கலைக்கு அவ்வளவு விலை தரத் தகாது. லோவெல் சிலவற்றை மாற்றினார், ஆனாலும் வெளியிட்டார். புலிட்சரும் கிடைத்தது.

இருவரும் எதிரெதிர் அணி என்று நினைத்துவிட வேண்டாம். லோவெலின் 'ஸ்கங்க் அவர்' பிஷப்புக்குக் காணிக்கை, 'ஆர்மடில்லோ' லோவெலுக்குக் காணிக்கை. தன் கவிதைக்கு முன்மாதிரி அதுதான் என்று லோவெலே ஒப்புக்கொண்டார். பிரேசிலில் ஜூன் திருவிழாவில் விடும் நெருப்புப் பலூன்களை நட்சத்திரம், கோள் என்று அழகழகாக வர்ணிக்கிறது 'ஆர்மடில்லோ'. ஒன்று விழுந்து ஆந்தைக்கூடு எரிகிறது, முயல்குட்டி ஓடி வருகிறது. கடைசிக் கண்ணி சாய்வெழுத்தில் சீறுகிறது: ரொம்ப அழகான, கனவு போன்ற போலி! இந்த முறை ஒரு சொல்லைத் திருத்தவில்லை, முன்னே எழுதிய கவிதை முழுவதையும் திருத்துகிறார்.

பெண் கவிஞர்கள் தொகுப்புகளில் சேர மறுத்தாராமே? பெண்ணியவாதிகள் எப்படிக் கொண்டாடுகிறார்கள்?

மறுத்தது உண்மை. கலையில் ஆண், பெண் என்று பந்தி பிரிக்கக் கூடாது என்பது அவர் வாதம். தன்னைப் பெண்ணியவாதி என்றும் சொல்லிக்கொண்டார். கவிஞர் ஏட்ரியன் ரிச், தொடக்கத்தில் பிஷப்பிடம் தனக்கு ஒட்டுதல் வரவில்லை என்று ஒப்புக்கொண்டு, 1983இல் எழுதிய கட்டுரையில் வெளியாளாக நின்று பார்க்கும் கண் என்று அவரை மறுவாசிப்பு செய்தார். பிஷப் மீதான பார்வை மாறியதில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்குண்டு.

'சேவல்கள்' கவிதைக் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். பிஷப்பின் வழிகாட்டியான கவிஞர் மரியான் மூர், தன் அம்மாவோடு உட்கார்ந்து அந்தக் கவிதையையே திருத்தி எழுதி, தலைப்பை மாற்றி, கழிப்பறை என்ற சொல்லை வெட்டி அனுப்பினார். பிஷப் மரியாதையாக மறுத்துவிட்டார். கழிப்பறை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பிரேசில் கவிதைகள் பணக்கார வெளிநாட்டுக்காரியின் பார்வை இல்லையா?

சில கவிதைகள், ஆமாம். 'மனுவெல்சின்யோ' தோட்டக்காரனை நிலச் சொந்தக்காரியின் குரலில் கிண்டலடிக்கிறது. பேசுவது எழுதியவரின் சிநேகிதி என்று தலைப்புக்குக் கீழே ஒரு குறிப்பு வேறு. எனக்கு அந்தக் குறிப்பு நழுவலாகப் படுகிறது. 1964 ராணுவப் புரட்சியை அவர் கடிதங்களில் ஆதரித்தும் எழுதினார். லோட்டாவின் நண்பரான அரசியல்வாதி கார்லோஸ் லசெர்டா அந்தப் புரட்சியின் பக்கம் நின்றவர். வீட்டில் கேட்ட அரசியல் அதுதான். 'இளஞ்சிவப்பு நாய்' கவிதை வேறு. ரியோ தெருவில் பிச்சைக்காரர்களை ஆற்றில் வீசுகிறார்கள் என்ற செய்தியை, கார்னிவல் உடை போட்டுத் தப்பித்துக்கொள் என்று சொறிநாய்க்கு அறிவுரை சொல்லும் குரலில் வைக்கிறார். சிரித்துக்கொண்டே படித்தால் வயிறு கலங்கும்.

2006இல் வெளிவந்த வெளியிடப்படாத கவிதைகளை வாங்கலாமா?

ஆலிஸ் க்வின் தொகுத்த அந்த நூலை விமர்சகர் ஹெலன் வெண்ட்லர் கடுமையாகத் தாக்கினார். பிஷப் தானே ஒதுக்கியவற்றைக் கவிதைகள் என்று அச்சிடுவது துரோகம் என்றார். வரைவு என்று தெரிந்து படித்தால் தவறில்லை என்பது என் எண்ணம். வெளிப்படையான காதல் கவிதைகள் அங்கேதான் கிடைக்கின்றன. முதல் நூலாக மட்டும் வாங்காதீர்கள்.

தமிழில் மொழிபெயர்த்தால் நிற்குமா?

'மீன்' நிற்கும், 'தி மூஸ்' ஓரளவு. 'தி மூஸ்' முதல் வாக்கியம் ஆறு கண்ணிகள், 36 வரி ஓடுகிறது. வினை கடைசியில் வரும் நம் மொழியில் அதைக் குப்புறக் கவிழ்க்க வேண்டும். பேருந்து கிளம்பும் முன்பே நாம் இறங்கிவிடுவோம். 'ஒரு கலை'யை நான் மூன்று முறை முயன்று பார்த்துவிட்டேன். ஆங்கிலத்தில் மாஸ்டர், டிசாஸ்டர் என்ற இயைபு கிடைப்பது அரிது, அதனால் ஒவ்வொரு முறையும் எடை கூடுகிறது. தமிழில் வரி இறுதியில் வினைமுற்று வந்தாலே ஓசை தானாக ஒத்துப்போகும். இலவசமாகக் கிடைப்பதற்கு எடை இல்லை.

அடைப்புக்குறிக் கட்டளையிலும் மாட்டிக்கொண்டேன். 'எழுது' என்றால் ஆசிரியர் குரல். 'எழுதிவிடு' என்றால் ஆறுதல் வந்துவிடுகிறது. 'எழுதித் தொலை' என்று ஒரு நண்பர் சொன்னார், தொலைப்பது பற்றிய கவிதைக்குப் பொருத்தமாக. மறுநாள் படித்தபோது சொல்விளையாட்டு துருத்திக்கொண்டு நின்றது, அடித்துவிட்டேன். நோட்டில் அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது.